தாய்மாமன் திரையிட்ட படம்

1

போன மாதம் குன்றாண்டார்கோவில் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், புளியமரத்துக்கும் கரண்ட் கம்பத்துக்கும் நடுவே கட்டியிருந்த ஒரு ஃப்ளெக்ஸைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பையன். அவன் தலைக்கு மேலே “லண்டனைக் கலக்கும் எங்கள் குலக்கொழுந்து, இயக்குநர் கதிர்” என்று எழுதியிருக்கும். அந்தக் குலக்கொழுந்து என் மகன். அவன் லண்டனைக் கலக்கவில்லை. நாங்கள் இருப்பது லெஸ்டர் என்கிற ஊர். லண்டனுக்கு ரயிலில்தான் போக வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் இங்கிலாந்து முழுவதுக்கும் லண்டன் என்றுதான் பேர், நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஃப்ளெக்ஸின் அடியில் வரிசையாக முப்பத்தோரு தலைகள். மாமன், சித்தப்பா, பங்காளி, போட்டோ கொடுக்க மறந்ததால் ரேஷன் கார்டு படத்தையே போட்டுக்கொண்ட ஒரு பெரியப்பா. என் அண்ணன் மகள் திவ்யாவின் படத்தை மட்டும் கதிருக்குப் பக்கத்தில் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தார்கள். காரணம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முறைப்பெண்.

அண்ணன் இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது நான் வேலையில் இருந்தேன். இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குத் தட்டில் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. ஃப்ளெக்ஸின் கீழே “சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு ஊர்ப் பொதுத்திடலில் திரையிடப்படும், அனைவரும் வருக” என்று படித்ததும், ஒரு பையனின் தட்டில் பட்டாணி மேல் பட்டாணியாக அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். அவன் அழ ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினேன்.

படத்தின் கதை எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது.

2

நான் கவலைப்படுகிற ஆள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் பயத்தில் காய்ச்சல் வந்து படுத்தவள். பிறகு பள்ளிக்கூடப் படி ஏறியது இந்த ஊரில்தான், அதுவும் சமையலறை வாசல் வழியாக. என் வீட்டுக்காரர் பரோட்டா மாஸ்டர். அவர் கை வேலைக்குத்தான் எங்களுக்கு விசா கிடைத்தது. வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. வரும்போது கதிருக்கு ஆறு வயது.

இங்கே பிரஜை ஆவதற்கு ஒரு பரீட்சை உண்டு. இந்த நாட்டு ராஜா ஒருவருக்கு எத்தனை பொண்டாட்டி என்றெல்லாம் கேட்பார்கள். மூன்று தரம் எழுதினேன். பன்னிரண்டு வயது கதிர்தான் வாத்தியார். அதற்கான ஃபாரத்தில், தீவிரவாதச் செயலில் ஈடுபட்டது உண்டா என்று ஒரு கேள்வி.

“இல்லைன்னு போடும்மா.”

“இருடா, யோசிச்சுச் சொல்லணும். தப்பாப் போட்டுட்டா?”

“அம்மா! இதுல யோசிக்க என்ன இருக்கு?”

அப்படிப்பட்ட என்னிடம் அவன் இரண்டு வருடம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, “அம்மா, ஒரு விஷயம் பேசணும்” என்றான். பர்மிங்காமில் வேலை பார்க்கிற பிள்ளை, வாரக் கடைசியில்தான் வருவான். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். கெட்ட செய்தியை வெறும் வயிற்றில் எப்படிக் கேட்பது? “சாப்ட்டுப் பேசலாம்” என்றேன். சாப்பிட்டதும், “கொஞ்சம் படுத்து எந்திரி, பேசலாம்” என்றேன். எந்திரித்ததும் காபி. காபிக்குப் பிறகு அவனுக்கு ரயில். இப்படி ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொரு வாரமும் என் மனதில் அந்த விஷயம் மாறிக்கொண்டே வந்தது. வேலை, வியாதி, போலீஸ், வேற்று மதம்.

ஆறாவது ஞாயிறு அவன் நேராகச் சமையலறைக்கு வந்து அடுப்பை அணைத்தான்.

“அம்மா, எனக்குப் பசங்களத்தான் புடிக்கும். பொண்ணுங்கள இல்ல. நான் கே.”

தன்பாலீர்ப்பு என்று பத்திரிகையில் நீளமாக எழுதுகிறார்களே, அதை அவன் ஒரே எழுத்தில் முடித்துவிட்டான். நான் அவனைப் பார்த்து என்ன கேட்டேன் தெரியுமா? “அப்ப வேலை போகலையா?”

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். அவன் போன பிறகு ஒரு வாரம் நான் அழுதேன், அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். எதை நினைத்து அழுதேன் என்று கேட்டால் கோவையாகச் சொல்லத் தெரியாது. என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு மாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், “புள்ள நேரத்துக்குச் சாப்புடுதா? ஒழுங்கா வேலைக்குப் போகுதா? அப்புறம் என்ன, நீ ஏன் மூக்கச் சிந்துற?” என்றார். அதோடு அவர் கவலை முடிந்தது. அவர் பங்கையும் சேர்த்து நானே பட்டேன்.

“மாமாவுக்குச் சொல்லிரும்மா” என்று கதிர் கேட்டான். சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு வருடம் சமயம் பார்த்தேன்.

எனக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் அண்ணன் ஒருத்தர்தான். என் மகனை மடியில் வைத்துக் காது குத்தியவர், மொட்டை போட்ட தலையில் சந்தனம் தடவியவர். திவ்யா பிறந்த அன்றே “கதிருக்குப் பொண்டாட்டி வந்துட்டா” என்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவர். அவர் ஒரு நாள் “இனிமே இங்கிட்டு வராத” என்று சொல்லிவிட்டால், நான் ஊருக்குப் போய் எந்த வாசலில் பெட்டியை இறக்குவது? அந்த ஒரு பயத்தில்தான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

3

அண்ணனுக்குப் பந்தல், மைக்செட் தொழில். சேர், சீரியல் லைட், ஜெனரேட்டர், கிரிக்கெட் மேட்ச் காட்டுவதற்கு ஒரு பெரிய திரை, எல்லாம் வைத்திருக்கிறார். கதிர் லீவு போட்டுவிட்டு ஊரில் போய்ப் படம் எடுக்கப் போகிறேன் என்றதும் அண்ணன் தலைகால் புரியாமல் ஆகிவிட்டார். லைட் அவருடையது, வண்டி அவருடையது, யூனிட்டுக்குச் சாப்பாடும் அவர்தான். “என்ன கதை மாப்ள?” என்று கேட்டதற்குக் கதிர், “ஒரு பையன் வீட்டுல ஒரு விஷயம் சொல்லணும், சொல்ல விட மாட்டேங்குறாங்க. காமெடி மாமா” என்றிருக்கிறான். பொய் இல்லையே.

படத்தின் பேர் ‘சாப்ட்டுப் பேசலாம்’. முக்கால் மணி நேரம். பையன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் அம்மா தட்டை நீட்டுவாள். சொல்லிப் பழகலாம் என்று மணமேல்குடி கடற்கரைக்குப் போய்க் கடலைப் பார்த்துக் கத்துவான். வலை உதறும் ஒருத்தர், “தம்பி, அது பதில் பேசாது, எங்கிட்டச் சொல்லு” என்பார். சொல்வான். அவர் தலையாட்டிவிட்டு, “சரி, நண்டு வேணுமா?” என்பார். திருக்கோகர்ணம் டவுன் பஸ்ஸில் முணுமுணுத்துப் பழகுவான், கண்டக்டர், “சொல்றதச் சொல்லிட்டு டிக்கெட்ட எடு” என்பார். முதல் தரம் பார்த்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். பாதியில்தான் அந்த அம்மா கட்டியிருந்த சேலை என்னுடையது போலவே இருப்பது தெரிந்தது. அதற்குமேல் கொஞ்சம் குறைத்துச் சிரித்தேன்.

என்னை ஆச்சரியப்படுத்தியது அவன் எழுதிய பேச்சு. வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. “மாமா வருது” என்று சொல்லி ஒரு கல்யாணத்தையே சிரிக்க வைத்தவன். படத்திலோ புதுக்கோட்டைச் சந்தையில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி எழுதியிருந்தான். எங்கிருந்துடா பிடித்தாய் என்றேன். அண்ணன் அனுப்புகிற வாட்ஸ்அப் குரல் செய்திகளை எல்லாம் ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறானாம். பஸ்ஸில் போகும்போது பாட்டுக்குப் பதில் அதைத்தான் கேட்பானாம். பிள்ளை நம்மை விட்டு எங்கோ தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறான் என்று நான் கவலைப்பட்ட காலமெல்லாம் அவன் காதில் என் அண்ணன் இருந்திருக்கிறார்.

அண்ணனுக்கும் படத்தில் ஒரு வேஷம் உண்டு. மைக்செட்காரராகவே வருகிறார். ஒரே ஒரு வசனம்.

4

ஃப்ளெக்ஸைப் பார்த்த அன்றே போன் போட்டேன்.

“அண்ணே, அந்தப் படத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

“நானும் அதத்தான் நெனச்சேன். மாப்ளைக்குப் பட்டம் எதுவும் போடலையே? ‘கலைச்சுடர்’னு போட்ருவமா?”

“அதில்லண்ணே, கதை…”

“கதையச் சொல்லாத! நான் இன்னும் பாக்கல. தாய்மாமன் தனியா உக்காந்து போன்ல பாத்தா நல்லாவா இருக்கும்? ஊரோட உக்காந்துதான் பாக்கணும்.”

மறுநாளும் பேசினேன். ஜெனரேட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, படம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். வியாழக்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, நம்ம கதிரு கல்யாணம்” என்று ஆரம்பித்தேன். “அத வச்சுத்தானத்தா திவ்யா போட்டோவப் பெருசாப் போட்டேன்! படம் பாத்துட்டுப் பேசலாம்” என்று வைத்துவிட்டார். மூன்றாவது தரம் அவர் அப்படிச் சொன்னபோது, அடுப்பை அணைத்துவிட்டு என் முன்னால் நின்ற பிள்ளையின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. ஐந்து ஞாயிறுகள் அவன் எப்படித் தாங்கினான்?

கதிரிடம் சண்டைக்குப் போனேன். “லிங்க்க மாமாகிட்டக் குடுத்தது யாரு?”

“நான்தான்.”

“ஏன்டா?”

“நேர்ல நின்னு சொல்ல பயமா இருக்கும்மா. படம்னா மாமா கடைசி வரைக்கும் உக்காந்து கேப்பாரு. நடுவுல சாப்பிடக் கூப்பிட மாட்டாரு.”

அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

திவ்யாவைக் கூப்பிட்டேன். புதுக்கோட்டையில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள். படப்பிடிப்பு முழுக்கக் கூடவே இருந்தவள், அவளுக்கு எல்லாம் தெரியும். “அத்தை, கவலப்படாதீங்க. அத்தான் நல்லவருதான், ஆனா எனக்கு அத்தான் வேணாம்னு நானே எங்கப்பாகிட்டச் சொல்ல வழி தேடிட்டு இருந்தேன். ஒரே கல்லு” என்றாள். அவள் சிரித்தாள். நான் பூஜை அறைக்குப் போய்விட்டேன்.

5

சனிக்கிழமை. அங்கே மாலை ஏழரை, இங்கே பகல் மூன்று மணி. மதியக் கூட்டம் முடிந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்திருந்தார். கதிர் ஜாக்கைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ஜாக் பர்மிங்காமில் கதிரோடு சேர்ந்து வாழ்கிற பையன். ஆறடி நாலு அங்குலம். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் வருவான், வந்ததும் செருப்பை ஒழுங்காக ஓரத்தில் வைப்பான். ரசத்தை டீ மாதிரி கப்பில் வாங்கிக் குடிப்பான். நான்கு பேரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்தோம். திவ்யா அங்கிருந்து வீடியோ காலில் திரையையும் கூட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். முன்வரிசையில், வெள்ளை வேட்டியில், தோளில் துண்டோடு அண்ணன்.

கூட்டம் நன்றாகச் சிரித்தது. நண்டு வேணுமாவுக்கு விசில். டவுன் பஸ்ஸுக்குக் கைதட்டல். நான் ஒவ்வொரு சிரிப்புக்கும் கடிகாரத்தைப் பார்த்தேன், ஏனென்றால் கடைசிக் காட்சி பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு காதுகுத்து விருந்து. பையன் பொறுமை இழந்து, பந்தல் ஓரத்தில் மைக் பக்கத்தில் அம்மாவை நிறுத்தி, “எனக்குப் பசங்களத்தான்மா புடிக்கும், பொண்ணுங்கள இல்ல” என்று சொல்லிவிடுகிறான். பந்தல் முழுக்க இலையில் கை அப்படியே நிற்கிறது. படத்திலும் சத்தமில்லை. திடலிலும் சத்தமில்லை. இருநூறு பேர் வாயை மூடினால் போனில்கூட அது கேட்கும்.

அப்போது திரையில் முழுசாக ஒரு முகம் வந்தது. என் அண்ணன் முகம். “தம்பி, மைக்கு ஆன்ல இருக்குதுப்பா.”

அந்த வசனத்தை அவர் எதற்கென்று தெரியாமல் தனியாகப் பேசிக் கொடுத்திருக்கிறார். திடல் இடிந்து விழுந்தது மாதிரி ஒரு சிரிப்பு. “மாமோய்!” என்று யாரோ கத்தினார்கள். சேர் மேல் ஏறி விசிலடித்தார்கள். திவ்யா போனைத் திருப்பினாள். எல்லோரும் சிரிக்க, அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஜெனரேட்டர் இருக்கும் பக்கம் நடந்தார்.

“அமத்தப் போறாரு” என்றேன். கதிர் என் கையைப் பிடித்தான்.

திவ்யா பின்னாலேயே ஓடினாள். போன் குலுங்கியது, தரையும் வேலியும் தெரிந்தது. “அப்பா, அப்பா, என்னப்பா பண்றீங்க?”

அண்ணன் கேனைத் தூக்கி டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். “கொறஞ்சிருச்சு. முடியுறதுக்குள்ள நின்டுரும். தள்ளி நில்லு.”

திரையில் அந்த அம்மா, கை நின்ற பந்தியைப் பார்த்து, “என்ன வேடிக்க? சாப்புடுங்க, ரசம் வருது” என்று அதட்டிவிட்டு மகனிடம் திரும்பினாள். “நீ சொல்லு. சாப்பாடு அப்புறம்.” படம் முடிந்தது. அண்ணன் திரும்பி வரவில்லை. ஜெனரேட்டர் பக்கத்திலேயே நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம்.

6

நான்கு நாள் அண்ணன் போன் எடுக்கவில்லை. நான் அனுப்பியதை எல்லாம் பார்த்ததற்கு நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. நான்கு நாளில் என்னென்ன நினைக்கலாமோ அத்தனையும் நினைத்து முடித்தேன். திவ்யாதான் ஊர் நிலவரம் சொன்னாள். படத்தில் வந்தது கதிரின் சொந்தக் கதைதான் என்று ஊருக்கே புரிந்துவிட்டதாம். ஒரு பங்காளி வந்து, “என் தலை ஃப்ளெக்ஸ்ல இருக்கக் கூடாது” என்றாராம். அண்ணன் பேசாமல் ஏணி போட்டு ஏறி, கத்திரிக்கோலால் அந்தத் தலையை மட்டும் வட்டமாக வெட்டி அவர் கையிலேயே கொடுத்துவிட்டாராம். மறுநாள் சாயங்காலம் இன்னொருத்தர் வந்து, “மொதல்லயே என் போட்டோவ விட்டுட்டிய, அந்த ஓட்டையில ஒட்டு” என்று கேட்டாராம்.

ஐந்தாம் நாள் அண்ணனே கூப்பிட்டார். வணக்கம் இல்லை, சாப்பிட்டாயா இல்லை.

“எத்தன வருசமாத் தெரியும் ஒனக்கு?”

“ரெண்டு வருசம்ணே.”

“ரெண்டு வருசம். காது குத்த மடி குடுத்தவன் நானு. மருமகன் விசயம் மொதல்ல யாருக்குத் தெரியணும்? எனக்கு. என்னைய ஊரோட ஊரா உக்கார வச்சுட்டீங்க. அந்தப் பெட்டிக்கடைக்காரனுக்கும் எனக்கும் ஒரே நேரத்துல தெரியுது!”

“நீங்க வெறுத்துருவீகளோன்னு பயம்ணே.”

“வெறுக்குறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணணும்? நீயே எப்புடி முடிவு பண்ணுன?”

அழுதேன். அவர் அழ விட்டார். பிறகு, “எனக்கு வெளங்கலத்தா. நாலு நாளா யோசிக்கிறேன், முழுசா வெளங்கல. டீக்கடையில ஒருத்தன் கேலி பண்ணுனான், அடிச்சிருப்பேன். ஏன் அடிக்கப் போனேன்னு யோசிச்சேன். எம் மருமகனச் சொன்னா அடிப்பேன், அது மட்டும் வெளங்குது” என்றார்.

“திவ்யாகிட்டப் பேசுனீகளா?”

“பேசுனேன். ‘அப்பாடா’ங்குறா. அவ பொறந்தன்னைக்குத் தெருவுக்கே மிட்டாய் குடுத்தவன் நானு, அவ அப்பாடாங்குறா.” கொஞ்சம் செருமினார். “திவ்யா சொன்னா, அந்தப் பய, ஒங்க வீட்டுக்கு வாரானே, ஒசரமா. அவனுக்குத் தாய்மாமன் இருக்காரா?”

“எதுக்குண்ணே?”

“இருந்தா நம்பர் வாங்கு. ரெண்டு தாய்மாமனும் பேசாம ஒரு காரியம் நடக்குமா?”

7

ஞாயிற்றுக்கிழமை ஜாக் வந்தான். என் இங்கிலீஷ் சமையலறை இங்கிலீஷ். “உன் அம்மாவின் அண்ணன் தம்பி யாராவது?” என்று கேட்டேன். கதிர் வேண்டாம் என்று கண் காட்டினான், எனக்குப் புரிந்தால்தானே. ஜாக் ரசக் கப்பைக் கீழே வைத்தான். ஒரு மாமா இருக்கிறாராம். சின்ன வயதில் இவனை மீன் பிடிக்கக் கூட்டிப்போனவராம். இவன் பதினெட்டு வயதில் விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவர் பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு இவன் வந்தால் அவர் வருவதில்லை. சொல்லிவிட்டு, பரவாயில்லை என்று சிரித்தான். இவ்வளவு படித்த நாட்டில், இவ்வளவு சட்டம் போட்ட நாட்டில், அப்படி ஒரு மாமா இருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கவலைப்பட எனக்கு ஒரு புது விஷயம் கிடைத்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவரும் திவ்யாவும் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார்கள். சொன்னேன்.

“அவன் சட்டை அளவு என்ன?” என்றார் அண்ணன்.

“எதுக்குண்ணே?”

“ஆளுக்கு ஒரு தாய்மாமன் வேணும்ல. அந்த ஆளு வரலைன்னா நான் செய்யுறேன். ரெண்டு பேருக்கும் வேட்டி சட்டை நானே எடுக்குறேன். அளவச் சொல்லு.”

டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். கதிர் காதில் ஏதோ சொன்னான். ஜாக் எழுந்து, ஏர்போர்ட்டில் சோதனைக்கு நிற்பது மாதிரி இரண்டு கையையும் விரித்து நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும் எண் சரியாகத் தெரியவில்லை, கதிர்தான் படித்துச் சொன்னான்.

“என்னத்தா இது, பந்தக்காலுக்குத் துணி சுத்துற அளவச் சொல்ற! வேட்டி முழங்காலுக்குல்ல நிக்கும்!”

பின்னாலிருந்து திவ்யா குரல். “அப்பா, ஒரு சந்தேகம். நீங்க அவருக்கும் தாய்மாமன்னா, நான் அவருக்கும் முறைப்பொண்ணா?”

ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. கதிர் சோபாவில் விழுந்து சிரித்தான். ஜாக் என்ன என்ன என்று கேட்க, கதிர் மூச்சு வாங்கியபடி மொழிபெயர்க்க, அந்த ஆறடி நாலு அங்குலமும் நெற்றியிலிருந்து கழுத்து வரை சிவந்தது.

“வாய மூடிட்டு அளவ எழுதுடி” என்றார் என் அண்ணன்.